ராத்திரி ஒரு வேளை மட்டும் பவுடர் பால் கொடுத்தால் தாய்ப்பால் குறைந்துவிடுமா?

கன்னங்குறிச்சி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முதல் குழந்தை, பெண், பத்து வாரம் முடிந்திருக்கிறது. பிறக்கும்போது 2.9 கிலோ, இப்போது பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது 5.1 கிலோ இருந்தாள். இன்றுவரை தாய்ப்பால் மட்டும்தான். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாகக் குடிக்கிறாள், முகம் பார்த்துச் சிரிக்கிறாள். ராத்திரிதான் என்னால் முடியவில்லை. ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டுத் தூங்கினால் பதினொன்றரை, ஒன்றரை, மூன்றரை, ஐந்தரை என்று எழுந்துகொண்டே இருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, துணி மாற்றி, மறுபடி தூளியில் போட்டு ஆட்டிவிட்டு நான் படுப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. நேற்று உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே கண் அயர்ந்துவிட்டேன். குழந்தை மடியிலிருந்து சரிந்ததை வீட்டுக்காரர் பார்த்துப் பிடித்துவிட்டார். அதிலிருந்து ராத்திரி வந்தாலே பயமாக இருக்கிறது.

எங்க அத்தை, "உனக்குப் பால் பத்தவில்லை, அதனால்தான் பிள்ளை எழுகிறது, ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டி ஒரு சங்கு ஊற்றினால் விடியும்வரை தூங்கும்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்காரர், "ராத்திரி ஒரு வேளை பவுடர் பால் நான் கலக்கிக் கொடுக்கிறேன், நீ தூங்கு" என்கிறார். அது சரியாகப்படுகிறது, ஆனால் ஒரு வேளை நிறுத்தினால் பால் வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். நிஜமாகவே வற்றிவிடுமா? கொடுப்பதென்றால் எந்த நேரத்தில் கொடுப்பது நல்லது? பகலில் நான் எடுத்து வைக்கிற பாலையும் பவுடர் பாலையும் ஒன்றாகக் கலக்கலாமா? சேலத்து வெயிலில் எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்? அடுத்த மாதம் வேலைக்கும் கூப்பிடுகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தூர்காரி:

கொடுங்க சிஸ்டர், ஒன்றும் ஆகாது. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு பேருக்குமே ராத்திரி ஒரு வேளை பவுடர் பால், மற்றபடி தாய்ப்பால். பெரியவன் ஒன்றரை வயசு வரை குடித்தான், சின்னவள் இன்னும் விடவில்லை. ஒரு வேளையால் யாருக்கும் பால் வற்றுவதில்லை. ஆனால் ஒரு வேளை ரெண்டாகி, ரெண்டு மூன்றாகி, "ராத்திரி முழுக்க பவுடர், பகலில் மட்டும் நம்ம பால்" என்று ஆகிவிட்டால் குறைந்துவிடும். எங்க தெருவில் ரெண்டு பேருக்கு அப்படித்தான் ஆனது. பாட்டிலில் கொடுத்தால் சுலபமாக இருக்கிறதே என்று கை அதற்குத்தான் போகும், அந்த இடத்தில் நாம்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும். எந்த வேளை என்று முதல் நாளே முடிவு பண்ணிவிடுங்க, அதைத் தாண்டிப் பாட்டில் கிடையாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்க.

இன்னொன்று, மடியில் குழந்தையோடு தூங்கிவிழுவதுதான் பெரிய ஆபத்து, சோபா, நாற்காலி என்றால் இன்னும் மோசம். அதை வைத்துப் பார்த்தால் ஒரு வேளை பவுடர் பால் ஆயிரம் மடங்கு மேல். இதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

குகைத் தெரு:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, மன்னிக்கணும். பத்து வாரத்துக் குழந்தை ராத்திரி நாலு தடவை எழுவது இயல்பு. அதன் வயிறு அவ்வளவுதான், தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும், பசிக்கும், எழும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, இங்கே அரசு மருத்துவமனைச் சுவரிலும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள், தாய்ப்பாலும் அப்படித்தான். நான் மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் படுக்கப்போட்டு, படுத்தபடியே பால் கொடுத்து வளர்த்தேன், எழுந்து உட்காரவே மாட்டேன். முதலில் அதைப் பழகிப் பாருங்கள். துணி நனைந்தால் மட்டும் மாற்றினால் போதும், ஒவ்வொரு தடவையும் எழுப்பி மாற்றினால் குழந்தைக்குத் தூக்கம் கலையாமல் என்ன செய்யும்? விளக்கைப் போடாதீர்கள், பேசாதீர்கள், கொஞ்சாதீர்கள். முக்கால் மணி என்பது இருபது நிமிஷமாகக் குறையும். இதையெல்லாம் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால் அப்புறம் டின்னைப் பற்றி யோசிக்கலாம். டின் வாங்குவது சுலபம், விடுவதுதான் கஷ்டம்.

செவிலி அக்கா:

தங்கச்சி, நான் பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைகள் வார்டிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். குகைத் தெருக்காரர் சொன்னதில் தப்பில்லை, தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடிந்தால் அதுதான் முதல். ஆனால் தூக்கமில்லாமல் தாய் சரிந்து விழுகிற நிலையில் ஒரு வேளையை இன்னொருவர் பார்த்துக்கொள்வதும் குழந்தை நலம்தான்.

முதலில் எடையைப் பார்ப்போம். பத்து வாரத்தில் 2.2 கிலோ ஏறியிருக்கிறது, நாளைக்கு முப்பது கிராம் சொச்சம். முதல் மூன்று மாதத்தில் நாளைக்கு இருபதிலிருந்து முப்பது கிராம் ஏறினால் நன்றாக வளர்கிறது என்றுதான் சொல்வோம். அதனால் பால் பத்தவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்தத் தடுப்பூசி அட்டையை அத்தையிடம் காட்டிச் சொல்லுங்கள். ஆக, பவுடர் பால் குழந்தையின் பசிக்காக இல்லை, உங்கள் தூக்கத்துக்காக. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் ரெண்டுக்கும் வழியே வேறு. பால் நிஜமாகவே குறைவாக இருக்கிற தாய் ஒவ்வொரு வேளையும் முதலில் ரெண்டு மார்பிலும் குடிக்கவைத்துவிட்டு, பசி அடங்காவிட்டால் மேல்பாலாக மட்டும் பவுடர் பால் கொடுக்க வேண்டும். தூக்கத்துக்காகக் கொடுப்பவர் அப்படிச் செய்தால் எழுந்த மாதிரியும் ஆச்சு, பாட்டில் கழுவிய மாதிரியும் ஆச்சு, தூக்கம் மட்டும் கிடைக்காது. நீங்கள் ஒரு வேளையை முழுசாக வீட்டுக்காரர் கையில் விட்டுவிட்டு, எழாமல் தூங்க வேண்டும். முடிந்தால் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

எந்த வேளை? பால் சுரக்கவைக்கிற புரோலாக்டின் என்கிற ஹார்மோன் பகலைவிட ராத்திரியில் அதிகம், நடுராத்திரிக்கு மேல் விடியும் முன்னால் குழந்தை குடிக்கும்போது மார்புக்கு நல்ல தூண்டுதல் கிடைக்கும். அதனால் மூன்றரை மணி வேளையை விட்டுவிடாதீர்கள். பதினொன்றரையை விடுங்கள். ஒன்பது மணிக்கு ரெண்டு பக்கமும் கொடுத்து, ஏப்பம் வரவைப்பதைக்கூட வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள் என்றால் ஒன்றரை வரை நாலரை மணி நேரம் ஒரே தூக்கம். அந்த ஒரு நீளத் தூக்கம் கிடைத்தாலே உடம்பு வேறு மாதிரி இருக்கும். முதல் சில நாள் நடுவில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். அப்போது வலி தணிகிற அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி விடுங்கள், முழுக்க எடுக்க வேண்டாம், நாலைந்து நாளில் உடம்பு பழகிவிடும். ஒரு இடம் மட்டும் சிவந்து, சூடாக, காய்ச்சலோடு வலித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பவுடர் பால் கொடுத்தால் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். செரிக்கக் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான், சில குழந்தைகள் அப்படியும் அதே நேரத்துக்கு எழும். இங்கே ஆதாயம் குழந்தை தூங்குவதில் இல்லை, உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் எழுவதில்தான் இருக்கிறது.

அளவு: ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 750 மி.லி. சுமாராகத் தேவை, எட்டு வேளை என்று வைத்தால் வேளைக்குத் தொண்ணூறு சொச்சம். முதல் நாள் 60 மி.லி. கலக்கிப் பாருங்கள், போதாமல் தேடினால் 90. போதும் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கீழே ஊற்ற மனசு வராமல் வாயில் திணிக்கக் கூடாது. டின்னில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அதே அளவு, பெரும்பாலும் 30 மி.லி. தண்ணீருக்கு மட்டமாக வழித்த ஒரு ஸ்பூன், அந்த டின்னோடு வந்த ஸ்பூன்தான். முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். கெட்டியாக இருக்கிறது, மலம் இறுகுகிறது என்று பெரியவர்கள் தண்ணீரைக் கூட்டச் சொல்வார்கள், கூட்டவே கூடாது, உடம்பில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். சீக்கிரம் வளரட்டும் என்று பவுடரைக் கூட்டுவதும் ஆபத்துதான்.

எந்த டின் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு என்று தனியாக இருக்கும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யவோ, தாய்மாருக்கு இலவச டின் கொடுக்கவோ கூடாது, யாராவது மாதிரிக்கு என்று கையில் திணித்தால் வாங்காதீர்கள். பாக்கெட் பால், மாட்டுப் பால் ஒரு வயசு வரை இந்தப் பாலுக்கு மாற்று ஆகாது.

ஜவ்வரிசி: சேலத்தில் பிறந்த நமக்கு ஜவ்வரிசி வீட்டுப் பொருள், அத்தை தலைமுறையில் அது வழக்கமும்கூட. ஆனால் அது வெறும் மாவுச்சத்து. வயிற்றை நிரப்பும், புரதமோ இரும்போ கிடையாது, அந்த இடத்தில் குடிக்க வேண்டிய பால் குறைந்துபோகும். ஆறு மாதத்துக்கு முன்னால் கஞ்சி, கேழ்வரகுப் பால், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவுமே வேண்டாம், தேன் ஒரு வயசு வரை கூடாது. அத்தையிடம் வாதாடாதீர்கள், அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். ஐந்தரை மணிக்கு நீங்கள் பால் கொடுத்ததும் குழந்தையை அவர் வாங்கிக்கொண்டு ஏழு மணி வரை வைத்திருந்தால் உங்களுக்கு இன்னொரு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பெரும்பாலான மாமியார்கள் இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஏற்காட்டு அப்பா:

அக்கா சொன்ன பதினொன்றரை மணி வேலையை எங்கள் வீட்டில் நான்தான் பார்க்கிறேன், உங்கள் வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன். பையனுக்கு நாலு மாதம் ஆகிறது.

தூக்கக் கலக்கத்தில் எதையும் அளக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். படுக்கப் போகும் முன்னாலேயே எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிடுவேன். கழுவிக் கொதிக்கவைத்த பாட்டில் மூடியோடு, காய்ந்த சின்ன டப்பாவில் மூன்று ஸ்பூன் பவுடர், நன்றாகக் கொதித்த தண்ணீர் நிறைய ஊற்றிய பிளாஸ்க், ஒரு அகலமான கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர். பவுடர் பால் டின்னில் அடைத்து வந்தாலும் கிருமி முற்றிலும் நீங்கியது இல்லை, அதனால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில் கலக்கச் சொல்கிறார்கள். ரெண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நல்ல பிளாஸ்க்காக இருக்க வேண்டும், விளிம்பு வரை ஊற்றி இறுக்க மூடினால்தான் அந்தச் சூடு நிற்கும். இங்கே மலை மேல், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் ஒன்றும் குறையில்லை, 70க்கு மேலேதான் இருக்கிறது. சில டின்களில் நல்ல பாக்டீரியா சேர்த்திருக்கிறோம், வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள் என்று போட்டிருக்கிறது, அப்படிப்பட்ட டின் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் நெளிய ஆரம்பித்ததும், வாய்விட்டு அழும் முன்னாலேயே, 90 மி.லி. கோடு வரை வெந்நீர், அதில் அந்தப் பவுடர், மூடிச் சுழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவேன். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துத்தான் கோட்டை அளக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும். மணிக்கட்டின் உள்பக்கம் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்து, சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் சரி. ஏற்காட்டுக் குளிரில் அஞ்சு நிமிஷத்துக்குள் பதமாகிவிடும், உங்கள் ஊர் வெயிலுக்குக் கிண்ணத்துத் தண்ணீரை ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும்.

கொடுக்கும்போது குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிடைமட்டமாகப் பிடித்து, நடு நடுவே இறக்கி இடைவெளி விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அப்படிக் கொடுத்தால் மார்பில் குடிக்கிற வேகத்திலேயே குடிக்கும், மறுபடி தாயிடம் போகும்போது பால் மெதுவாக வருகிறது என்று அடம்பிடிக்காது. நிப்பிளும் மெதுவாக வருகிற சின்ன அளவே போதும். தூளியில் கிடக்கும்போதே பாட்டிலைத் துணியில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், புரையேறும், காதுக்கும் கெடுதல். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வந்த பிறகு படுக்க வையுங்கள்.

மிச்சத்தை வைத்திருந்து அடுத்த வேளைக்குக் கொடுக்கக் கூடாது. கலக்கி வைத்து வாயே வைக்காத பால் ரெண்டு மணி நேரம், வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கொட்டிவிட வேண்டும். மழை நாளில் மலையில் எல்லாமே நமுத்துப்போகும், பவுடரும் கட்டி கட்டுகிறது, அதனால் டின்னை இறுக்கமாக மூடிக் காய்ந்த அலமாரியில் வைத்திருக்கிறோம், பிரிஜ்ஜில் வைப்பதில்லை. திறந்த தேதியை டின் மேல் எழுதி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் போனால் மாற்றிவிடுகிறோம்.

கன்னங்குறிச்சி அம்மா:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. அட்டையைக் காட்டினேன், அத்தை ரெண்டு தடவை எடையைப் பார்த்துவிட்டு "அப்போ சரி" என்று சொல்லிவிட்டார், காலை வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார். குகைத் தெரு அக்கா சொன்னபடி விளக்குப் போடாமல், நனைந்தால் மட்டும் துணி மாற்றிப் பார்க்கிறேன், அதிலேயே நேரம் மிச்சமாகிறது. படுத்தபடி கொடுக்கத்தான் இன்னும் சரியாக வரவில்லை.

இன்னும் ரெண்டு சந்தேகம். மதியம் ஒரு பக்கம் குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள், அப்போது இன்னொரு பக்கம் கையால் எடுத்தால் 40 மி.லி. வருகிறது. அதை ராத்திரிப் பவுடர் பாலோடு சேர்த்து ஒரே பாட்டிலில் கொடுக்கலாமா? அப்புறம், பாட்டிலே வேண்டாம், செவ்வாய்ப்பேட்டையில் செய்து சீரில் வைத்த வெள்ளிச் சங்கு இருக்கிறது, அதில் கொடுக்கலாம் என்கிறார் அத்தை. கொடுக்கலாமா?

செவிலி அக்கா:

சேர்ப்பதால் விஷமாகிவிடாது, ஆனால் நான் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் என்னவென்றால், பவுடர் பால் கலந்த அந்த நொடியிலிருந்து மொத்தப் பாலுக்கும் பவுடர் பாலின் விதிதான், வாய் வைத்து ஒரு மணி நேரத்தில் மிச்சம் கீழே போக வேண்டும். அந்த மிச்சத்தில் உங்கள் பாலும் சேர்ந்து போகும். 40 மி.லி. தாய்ப்பாலை முதலில் தனியாகக் கொடுங்கள், அது தீர்ந்த பிறகு 60 மி.லி. பவுடர் பால் போதும். சில நாளில் அந்த 40லேயே அடங்கித் தூங்கிவிடும், டின்னைத் திறக்கவே வேண்டியிருக்காது. எப்படியானாலும் பவுடரைத் தாய்ப்பாலில் நேராகப் போட்டுக் கலக்காதீர்கள். தண்ணீருக்குப் பதில் தாய்ப்பாலில் போட்டால் உப்பும் புரதமும் அளவுக்கு மிஞ்சிக் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் பாரம். பவுடர் பாலை அதற்குரிய தண்ணீரில் தனியாகக் கலக்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

எடுத்து வைக்கிற பால் 25 டிகிரி வரைக்கும் நாலு மணி நேரம் வெளியே தாங்கும் என்பார்கள். அது ஏற்காட்டு அப்பா வீட்டுக்குப் பொருந்தும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடுகிற சேலத்தில் அந்த நாலு மணிக் கணக்கை நம்பாதீர்கள், எடுத்த கையோடு பிரிஜ்ஜில் வையுங்கள். கொதிக்கவைத்த சின்ன எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடிக் குப்பியோ போதும். கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும், உள்ளே பின்பக்கமாக வைத்தால் நாலு நாள் இருக்கும். நீங்கள் மதியம் எடுத்து அன்று ராத்திரியே கொடுக்கிறீர்கள், கவலையே இல்லை. கரண்ட் போனாலும் பிரிஜ்ஜைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் குளிர் நிற்கும். மேலே ஆடையாகக் கொழுப்பு பிரிந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்க வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம்.

சங்கைப் பற்றி அத்தை சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பச்சிளங்குழந்தைகள் வார்டில் நாங்கள் பாலாடையில்தான், அதாவது சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில்தான் கொடுப்போம், பாட்டிலைவிடக் கழுவ சுலபம், நிப்பிள் பழக்கமும் வராது. ஆனால் சங்கை ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீருக்குச் செய்கிற சங்கில் விளிம்பில் பூவேலைப்பாடு, முத்து முத்தாகக் கோர்வை எல்லாம் இருக்கும், அந்த இடுக்கில் பால் ஆடை ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாது, கிருமி அங்கேதான் குடியிருக்கும். மூக்கு உள்பக்கம் குழாயாகக் குறுகி இருந்தாலும் அப்படித்தான். வழவழப்பாக, திறந்த மூக்கோடு இருந்தால் கொடுக்கலாம், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிக்கவைத்துவிட்டு. வேலைப்பாடு இருந்தால் அதைப் பத்திரப்படுத்திவிட்டு, சாதாரண எவர்சில்வர் பாலாடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது குழந்தை முழித்திருக்க வேண்டும், நிமிர்ந்த மாதிரி மடியில் வைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் குழந்தையே நக்கி உறிஞ்சி எடுக்கும். காலில் படுக்கப்போட்டு வாயில் ஊற்றுகிற பழைய வழக்கம் வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

வங்கிப் பால் கிடைக்குமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நம்ம சேலம் அரசு மருத்துவமனையில் இருக்கிற தாய்ப்பால் வங்கி குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்து உள்ளே படுத்திருக்கிற குழந்தைகளுக்காக, வீட்டுக்கு வாங்கிப் போவதற்கு இல்லை. உங்களுக்குப் பால் மிஞ்சினால் கொடுப்பதைப் பற்றி அங்கே கேட்கலாம்.

ஆத்தூர்காரி:

வேலையைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. சிஸ்டர், அடுத்த மாதம் கூப்பிடுகிறார்கள் என்றால் மூன்று மாதத்தில் கூப்பிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? 2017 திருத்தத்துக்கு அப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடமாக, நீங்கள் பிரசவத்துக்கு முந்தின ஒரு வருஷத்தில் 80 நாள் வேலை பார்த்தவராக இருந்தால். அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுத்தது கழியும். வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளைக்கு ரெண்டு இடைவேளை பால் கொடுக்கவோ எடுக்கவோ தர வேண்டும். எழுத்தில் கேளுங்க. எனக்கு முதல் பிரசவத்தில் வேலை பார்த்த இடத்தில் வாயால் கேட்டபோது இல்லை என்றார்கள், சட்டத்தைச் சொல்லி எழுதிக் கொடுத்ததும் கொடுத்தார்கள்.

அந்த விடுப்பு கிடைத்தாலும் சரி, போனாலும் சரி, மதியம் நீங்கள் எடுக்கிற 40ஐ விட்டுவிடாதீங்க. நான் ஆத்தூரிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, திரும்பும்போது பஸ் நிலையத்தில் இருக்கிற தாய்மார்கள் பாலூட்டும் அறையில் ஒரு தடவை எடுத்துவிடுவேன். வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஐஸ் கட்டி போட்ட டிபன் பைக்குள் டப்பாவை வைத்துவிடுவேன். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் அந்தப் பால்தான் என் பிள்ளைக்கு ராத்திரிப் பால், பவுடர் டின் ஒன்று ரொம்ப நாளைக்கு வந்தது, பாதியில் தேதி முடிந்து தூக்கிப்போட்டேன்.

குகைத் தெரு:

படுத்தபடி கொடுக்க வரவில்லை என்றாயே தங்கம். ஒருக்களித்துப் படு, முதுகுக்கு ஒரு தலையணை அணை, குழந்தையையும் உன் பக்கம் ஒருக்களிக்க வைத்து அதன் மூக்கு உன் காம்புக்கு நேராக வரட்டும். நீ குனியக் கூடாது, குழந்தையை உன் பக்கம் இழு. கட்டில் வேண்டாம், கெட்டியான பாயில் படு, மெத்தை மெத்தென்று அமுங்கினால் மூக்கு அடைபடும். போர்வையும் தலையணையும் குழந்தைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள். வீட்டில் யாராவது குடித்திருந்தாலோ, நீ தூக்கம் வருகிற மாத்திரை எதுவும் போட்டிருந்தாலோ பக்கத்தில் படுக்கப்போடவே கூடாது. பகலில் ரெண்டு மூன்று தடவை பழகிவிட்டு அப்புறம் ராத்திரியில் செய். உன் வீட்டுக்காரர் பதினொன்றரைக்கு எழுகிறார் என்று படித்தேன், நல்ல மனுஷன், அவர் கொடுக்கட்டும், அதை நான் இனி தடுக்கவில்லை. ஒன்றரையும் மூன்றரையும் உன்னுடையது.

ஏற்காட்டு அப்பா:

சின்னதாக ஒன்று விட்டுப்போச்சு. பவுடர் பால் ஆரம்பித்ததும் மலம் நிறம் மாறும், கொஞ்சம் கெட்டியாகும், வாடை வேறு மாதிரி இருக்கும். நாங்கள் பயந்து மருத்துவமனைக்கு ஓடினோம், அது இயல்புதான் என்றார்கள். எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

செவிலி அக்கா:

மலத்தில் ரத்தமோ சளியோ, உடம்பில் தடிப்பு, குடித்த ஒவ்வொரு தடவையும் பீறிட்டு வாந்தி, மூச்சில் இழுப்பு, இதில் எது வந்தாலும் அந்தப் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும், பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்று ராத்திரியே போங்கள். எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும் அப்படித்தான்.

மற்றபடி நீங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது சிறுநீர். இருபத்துநாலு மணி நேரத்தில் ஆறு துணிக்கு மேல் நனைந்தால் பால் போகிறது. பவுடர் பால் ஆரம்பித்து ரெண்டு வாரம் கழித்து அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியர் வருகிற நாளிலோ எடை போட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள், அதே தராசாக இருந்தால் நல்லது. வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் விடாமல் கொடுங்கள். எடை போட்டதும் இங்கேயே எழுதுங்கள், பதினொன்றரை வேளையைத் தொடரலாமா, 40 மி.லி.யோடு நிறுத்திவிடலாமா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.